ஹார்லாண்டரின் நாலு பக்கம்

ஒஹையோவில் டயர் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற வெர்லின் ஸ்டக்கிக்கு ஒரே ஓர் அட்டைதான் குறை. சின்ன வயதில் கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளின் பின்பக்கம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் வரும். பிள்ளைகள் அதைக் கத்தரித்துச் சேர்ப்பார்கள். நாற்பது வருடம் அலைந்து எல்லோரையும் பிடித்துவிட்டார் வெர்லின், கஸ் ஹார்லாண்டரைத் தவிர. ஆட்டத்தில் ஒன்றும் கிழிக்காத மனுஷர். ஆனால் அவர் படம் வந்தது தவிட்டு ஃபிளேக்ஸ் பெட்டியில். அதை எந்தப் பிள்ளை தொடும்? அதனாலேயே இன்றைக்கு அவருக்கு அத்தனை கிராக்கி.

அந்த ஹார்லாண்டர் தம்பி லைலிடம் இருந்தார். மலச்சிக்கல் பிள்ளை என்று அம்மா அவனுக்கு மட்டும் தவிட்டை ஊட்டிய காலத்தில் கிடைத்த கூலி. வெர்லின் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார்.

"மாத்திக்க அட்டைப் பெட்டியக் கட்டிக்கிட்டு வராம, சும்மா ஒரு நாள் என்னப் பாக்க வாண்ணே. தரேன்" என்பார் லைல்.

அந்தச் 'சும்மா' மட்டும் வெர்லினுக்குக் கடைசிவரை வரவில்லை. லைல் புற்றுநோயில் படுத்த பிறகு, அவர் மனைவி நோரீன் வாராவாரம் ஃபோன் செய்து தம்பி தேடுவதாகச் சொன்னார். ஞாயிறு என்றால் அட்டைச் சந்தை. "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்பார் வெர்லின்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்தார். நோரீன் அட்டையை மேசையில் வைத்தார். வெர்லின் உட்காரக்கூட இல்லை, பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு உண்டு. அது நாலு பக்கமும் முழுசாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் போனாலும் சந்தையில் சீந்துவாரில்லை. இதில் நாலு பக்கமும் போயிருந்தது.

"யாரு இப்படி வெட்டுனது?"

"நான்தான். கோடு என்னன்னு தெரிஞ்சேதான் வெட்டுனேன்." நோரீனின் குரல் உயரவில்லை. "நீங்க வரேன்னு சொன்ன மொத ஞாயித்துக்கிழமை வாசல்ல கார் சத்தம் கேட்டுது. 'அண்ணனா?'ன்னாரு உங்க தம்பி. இல்லைன்னேன். அவரு கண்ணசந்ததும் டிராயர்லேருந்து இத எடுத்து ஒரு பக்கம் வெட்டுனேன். மறு வாரமும் கேட்டாரு. இன்னொரு பக்கம். நாலு வாரம் கேட்டாரு, வெர்லின். அஞ்சாவது வாரம் கேக்க ஆளில்ல."

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, இப்போதாவது தம்பி பேரைச் சொல்லி அழுவான் என்று நோரீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி தேடுறான்னுதானம்மா ஃபோன்ல சொன்னே?" என்றார் வெர்லின், அட்டையைத் தடவியபடி. "இதக் குடுக்கத் தேடுறான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேனே!"