மார்ஜின் அக்காவின் முடிவுரை

கல்லூரி வாசலுக்கு எதிரே என் அக்கா தட்டச்சுக் கடை நடத்துகிறாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மார்ஜின் அக்கா. ஓரம் சரியில்லாத கட்டுரையை அவள் அச்சடிக்கவே மாட்டாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது கடையும் மாறவில்லை, அவள் கத்தலும் மாறவில்லை.

“என்ன சொல்லப் போறோம்னு முதல்ல ஒரு தாள்ல எழுதிப் பாருங்கடா. முடிச்சதும் ஒரு நாள் ஆறப் போடுங்க. அப்புறம் வாய்விட்டுப் படிங்க. கண்ணு ஏமாத்தும், வாய் ஏமாத்தாது.”

“சரிக்கா, இப்போதைக்கு பிரிண்ட் எடுத்துக் குடுங்க.”

தினமும் இதே பாட்டு. சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது எதிரொலித்திருக்கும்.

அவர்களுக்குத் தெரியாத சங்கதி, அக்காவும் மாணவிதான். பாதியில் விட்ட பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் தொடர்கிறாள். கடைசிக் கட்டுரையை, இது நடந்த அன்று மாலை ஐந்துக்குள் எதிரே உள்ள கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. குழாய்த் தண்ணீர் வீடுகளுக்குச் சேரும் விதத்தைப் பற்றித் தெருத்தெருவாக அலைந்து எழுதியது.

மதியம் கடைக்குப் போனால், அவள் எவனோ ஒருவனின் அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டான்.

“உன்னோடது எங்க?”

“முடிஞ்சுதுடி. பைண்டிங்கே போட்டாச்சு, அதோ.”

“வாய்விட்டுப் படிச்சியா?”

“நேரம் எங்க இருக்கு? இந்தப் புள்ளைக்கு நாளைக்குக் கடைசி நாள், பாவம்.”

“உனக்கு இன்னைக்கு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரையை எடுத்து அங்கேயே சத்தமாகப் படித்தேன். முடிவுரை வரை தண்ணீர் நன்றாகத்தான் ஓடியது.

“ஆகவே, தேனீக்கள் குறைவதற்குப் பூச்சிமருந்தே முக்கியக் காரணம் எனத் தெளிகிறோம்.”

விசைப்பலகை மேல் அக்காவின் கை அப்படியே நின்றது. தட்டச்சுக் கடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஓரமும் தலைப்பும் சரியாக அமைந்த பழைய கட்டுரையைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அதன் மேலேயே அடிப்பார்கள். போன வருட மாணவனின் கடைசிப் பக்கம் அழியாமல் தங்கிவிட்டது.

“அப்போ உன் முடிவுரை?”

“கடைசியா எழுதிக்கலாம்னு விட்டேன். மறந்தே போச்சுடி.”

“இதையே ஒரு பையன் செஞ்சிருந்தா கடைய விட்டே துரத்தியிருப்ப.”

அடிக்குறிப்புக்காரன் மெதுவாக, “அக்கா, என்னோடது...” என்றான்.

“நீ ஆறப் போடு தம்பி,” என்று அவனை வெளியே அனுப்பி ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

அக்கா ஒரு தாளை இழுத்து, சொல்ல வேண்டியதைக் குறித்துக்கொண்டு, பிறகு அடித்தாள். “ஒரே ஒரு பக்கம்தான்க்கா” என்று வெளியே ஆள் மாற்றி ஆள் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் தலை நிமிர்ந்தது, நான் முறைத்தேன். கடைசியில் வாய்விட்டுப் படித்தாள்: “பள்ளத்து வீடுகளின் மோட்டார்கள் உறிஞ்சியது போக மிச்சம்தான் மேட்டுத் தெருவுக்கு ஏறுகிறது.” தேனீ ஒன்றுகூட இல்லை. பைண்டிங்கைப் பிய்த்து, பக்கத்தை மாற்றி, மறுபடி போட்டோம்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நடுச்சாலையில் ஒரு பெண் மறித்து பென் டிரைவை நீட்ட, அக்கா நின்றுவிட்டாள்! நான் கடைவாசலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். மறுபடி ஓடினாள்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் கட்டுரையைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, மறு கையில் அந்த பென் டிரைவ்.

“முன்னுரையே எழுதலையாம்டி, பாவம்,” என்றாள்.