கொச்சங்காடிக் கிட்டங்கி, ஒரு மாதம்

வரி பாக்கிக்காக ஜப்தி செய்த காயல்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றைக் கொச்சங்காடியில் ஏலம் எடுத்தேன். தொண்ணூறுகளின் கடைசி, மழை இன்னும் இறங்கவில்லை. வாடகை அறையில் பிறந்து வாடகை அறையிலேயே குடும்பமும் நடத்தியவன் நான். முன்பணம் கட்டிய கையோடு வில்லேஜ் ஆபீஸ் மேஜை முன் நின்று கேட்டேன்: "இனி என்ன செய்யணும் சேச்சி?"

"ஒண்ணும் செய்யக் கூடாது சேட்டா. பழைய ஆளுக்கு ஒரு மாசம் டைம் உண்டு. பாக்கியைக் கட்டிட்டா கிட்டங்கி அவருக்கே. கட்டலேன்னா மீதிப் பணத்தைக் கட்டி சர்டிபிகேட் வாங்குங்க, பேர் மாத்துங்க, உங்க பேர்ல வரி கட்டுங்க. அது வரை பூட்டைத் தொடாதீங்க."

தொடவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? விடிந்ததும் நானும் மனைவியும் போய் வாசலைப் பெருக்கினோம். சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினோம்.

யாரோ பெருக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தோப்பும்படியில் மகள் வீட்டில் இருந்த பழைய உடைமைக்காரரே வந்துவிட்டார்.

"உள்ளே பார்த்தீங்களா?"

"பூட்டு உங்களோடதாச்சே சேட்டா."

சிரித்தார். "மாசம் முடியற வரை நான்தானே வீட்டுக்காரன். வாங்க."

தோளால் முட்டித்தான் கதவு திறந்தது. உடைந்த ஓடுகளின் வழியே வெயில் தூண் தூணாக இறங்கியிருந்தது. நாங்கள் நடக்க நடக்கத் தரையிலிருந்து பழைய சுக்குத்தூள் எழுந்து, தூணுக்குத் தூண் பொன்னாகச் சுழன்றது. தும்மல் வந்தது, கண்ணீர் வந்தது, எது எதனால் என்று தெரியவில்லை. மேலே, சுவருக்குச் சுவர் ஒரே மரத்தில் அறுத்த உத்தரம். பின்கதவு இடுக்கில் மினுங்கிய காயல் நீரின் ஒளி அதன் அடிவயிற்றில் ஓடிக்கொண்டிருந்தது, மரத்துக்குள் ஆறு புகுந்தது போல. எந்தக் காட்டில் நின்றதோ, எந்த வெள்ளத்தில் மிதந்து வந்ததோ! "ஐயோ, ஐயோ" என்பதைத் தவிர எனக்கு வார்த்தை வரவில்லை.

என்னைப் பார்த்தவர், நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை காலம் இதை வெறும் பாக்கின்னே நினைச்சிருந்தேன்," என்றார்.

மாதம் முடியும் முன்பே மகளின் வளையலை விற்றுக் கட்டிவிட்டார். எங்கள் பணம் திரும்பி வந்தது, சட்டப்படி கொஞ்சம் கூடுதலாக.

ஆபீஸ் படியிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "மூஞ்சியைச் சுளிச்சு, 'எல்லாம் ஒழுகும் போலிருக்கே சேட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நமக்குத்தான். வாயைப் பிளந்துகிட்டு நின்னீங்களே!"

"நீயும்தான் நின்னே."

"நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

சாயாக்கடையில் போய் உட்கார்ந்தோம். பாதி கிளாஸ் குடித்துவிட்டு அவளே கேட்டாள்:

"அந்த மரத்தை அவ்வளவு உயரத்துக்கு எப்படிங்க ஏத்தியிருப்பாங்க?"