பவளத் தொட்டியில் படர்ந்த பாசி

மலேசியாவில் மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரம் போடும் கும்பலுக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. காலையில் ஆட்களோடு நிரை நிரையாக நடந்து, மரத்துக்கு இவ்வளவு என்று தழைச்சத்தும் மணிச்சத்தும் வைத்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து குளித்த கையோடு, முன்கூடத்தில் இருக்கும் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியிலிருந்து அதே தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வெளியே எடுக்க மாரடிப்பேன். கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தொட்டி என் மகனுடையது. சிரம்பான் டவுனில் வேலை பார்த்தான். சம்பளம் வந்தால் ஒரு பாறை, ஒரு பவளம், ஒரு மீன் என்று ஏதாவது வாங்கி வருவான். உப்புத் தண்ணீர் கலக்க ஒரு பீப்பாய், அழுக்கை நுரையாகப் பிரிக்க ஒரு மோட்டார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று கேலி செய்வேன். "உங்களுக்குத் தெரியாதுப்பா. இதுவும் ஒரு தோட்டம்லா" என்பான். இருபத்து நான்கு வயதில், வேலை முடிந்து வரும் வழியில், அவனையும் அவன் மோட்டார் சைக்கிளையும் ஒரு லாரி அடித்துப் போட்டது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் மனைவி கேட்டாள். "அமாவாசைக்கு அவனுக்குச் சோறு வைக்கணுங்க. காக்காய்க்கு."

"பெத்தவங்க பிள்ளைக்குப் படைக்கக் கூடாது" என்றேன்.

அப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த வரிசையில் அவனைக் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் படித்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். மீன் கழிவும் மிச்ச தீனியும் அழுகினால் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், அதாவது நான் மரத்துக்கு வைக்கும் அதே தழைச்சத்தும் மணிச்சத்தும், ஏறும். ஏறினால் பாசி கிளம்பும். பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைக்கும். வாரம் ஒரு முறை சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, நிறம் பார்த்து எழுத வேண்டும். நீலம் கூடினால் பாஸ்பேட் கூடிவிட்டது என்று அர்த்தம். அவன் எழுதி நிறுத்திய வரிக்குக் கீழே நான் எழுத ஆரம்பித்தேன். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னுடையது கோழி கிண்டியது.

மூன்றாம் மாதம் பாறைகளில் பச்சை மயிர் போலப் பாசி முளைத்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். தண்ணீரை மாற்றினால் அளவு இறங்கும். அப்பாடா என்று உட்கார்ந்தால் சில வாரத்தில் மறுபடி நீலம் ஏறியிருக்கும். என் சட்டையில் ஒட்டிவரும் உரத்தூள்தான் காரணம் என்று நினைத்து, வேலைத் துணியைக் கொல்லையிலேயே கழற்றிப் போட ஆரம்பித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து பவளத்தில் நான்கு வெளுத்துச் செத்தன. அவன் முதன்முதலில் வாங்கிய பச்சைப் பவளம் மட்டும் மிஞ்சியது. அதன் அடியிலும் பாசி ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால் அவன் கைப்பட வளர்ந்தது என்று இந்த வீட்டில் எதுவும் இருக்காது. அந்தப் பயத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். தீனியை அள்ளிக் கொட்டுகிறாயா என்று மனைவியிடம் எத்தனையோ தடவை கத்தினேன். "இல்லீங்க" என்பாள்.

ஒருநாள் பெருமழை. மழையில் உரம் போட்டால் எல்லாம் ஓடையோடு போய்விடும் என்று ஆட்களை அனுப்பிவிட்டு நானும் வீட்டுக்கு வந்தேன். அவள் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு தொட்டி முன்னால் நின்றிருந்தாள். தொட்டி மூடி திறந்திருந்தது. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, எலுமிச்சம்பழம் அளவு சோற்று உருண்டையை நான் பார்க்காத இடமாகப் பாறைக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தாள். இரண்டு கோமாளி மீன்களும் அவள் விரலைக் கொத்தின.

"என்ன பண்ற?"

அவள் கையை எடுக்கவில்லை. "காக்காய்க்கு வைக்கக் கூடாதுன்னீங்க. மீனுக்குக் கூடாதுன்னு சொல்லலையே. இதுங்க அவன் கையால சாப்பிட்டதுங்க."

அடுப்படிச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வட்டம் போட்ட ஒவ்வொரு அமாவாசைக்கும் அடுத்த வாரம் பாஸ்பேட் ஏறியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை மாதம் அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அவன் வச்சிட்டுப் போனத நீதான் சாகடிக்கிற" என்று சொன்னேன். சொன்னதைத் திரும்ப அள்ள முடியாது.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு தொட்டிப் பக்கம் வரவில்லை. கூடத்தைப் பெருக்கினால்கூட அந்த மூலையை எனக்கு விட்டுவிடுவாள். பாறைக்குப் பின்னாலிருந்து அழுகிய சோற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தேன். அடுத்த அமாவாசைக்கு அளவு ஏறவில்லை. அதற்கடுத்ததற்கும் ஏறவில்லை. பாசி மக்கி உதிர்ந்தது. பச்சைப் பவளம் மறுபடி விரிந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. அவள் மட்டும் அமாவாசையன்று அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நோட்டில் ஒரே மட்டத்தில் போன எண்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது அமாவாசைக்கு விடுப்பு எடுத்தேன். சட்டியிலிருந்து சோறு எடுத்து, பருப்பு விட்டுப் பிசைந்து, உருட்டி அவளிடம் நீட்டினேன். "போடு. நாளைக்கு நான் தண்ணி மாத்திக்கிறேன்."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். "வேணாங்க. இப்பத்தான் தண்ணி அவன் வச்சிருந்த மாதிரி இருக்கு."

 உருண்டையைக் கொல்லைக்குக் கொண்டுபோய் மதில்மேல் வைத்தேன். செம்பனை மட்டையில் இரண்டு காக்கைகள் இருந்தன. வைத்தால் மட்டும் போதாது, கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவன் செத்துப்போனதை என் வாயால் சொன்னதாகிவிடும். அவள் பின்வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டேன்.