அந்தக் கதையை அழிக்க மாட்டேன்

இன்று மாக் மண்டின் ஃபேக்டரியில் வேலை முடிந்து, ஃபெர்ரி இறங்கி, டத்தோ கிராமாட் போகும் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஃபிளாட்டில் குடியிருக்கும் சரசு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமே சரியில்லை.

"போன வாரம் ஃபேஸ்புக்ல ஒரு கதை போட்டியே, அதுல வர்றது நான்தானே?"

பக்கத்து வீட்டில் ஒருத்தி அடிவாங்கி அழுகிறாள். அது காதில் விழாமலிருக்க இன்னொருத்தி டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். இவ்வளவுதான் கதை. சத்தியமாக இவரை நினைத்து எழுதவில்லை.

"இல்லக்கா, கற்பனை."

"பொய் சொல்லாத லா. மொதல்ல டிலீட் பண்ணு."

"முடியாதுக்கா."

"ஃபேக்டரில வேல செய்யிறவ நீ. ஒரு புக்காச்சும் போட்டிருக்கியா? பெரிய எழுத்தாளரா?"

இலக்கியக் கூட்டங்களில் இதே கேள்வி வரும்போதெல்லாம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இன்று மனம் வரவில்லை. புத்தகம் போட்டவர்கள் யாரும் அக்காவை இவ்வளவு கோபப்படுத்தியதில்லையே!

"ஆமாக்கா, எழுத்தாளர்தான். அழிக்க மாட்டேன்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எங்கள் ஸ்டாப்பில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பள பயந்துபோய்த்தான் சத்தத்தக் கூட்டினா. அத ஏன் நீ எழுதல?"

"எழுதுறேன்க்கா," என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சேர்த்துவிட்டேன்.

அந்தக் கதையில் வருவது தாங்கள்தான் என்று நினைக்கும் மற்றவர்களும் கீழே கமெண்டில் வந்து சண்டை போடலாம். நியாயமாக இருந்தால் திருத்துகிறேன். அழிக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.