மூட வராத கண்

கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலில் நான் இடது கண்ணைத்தான் வைப்பேன். மூக்கு பின்பக்கத் திரையில் அழுந்தி எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது. பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். "ஏட்டி, இடது கண்ண மூடிட்டு வலதால பாரு" என்பார். எனக்கு இடதை மட்டும் மூட வராது. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

ஏன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வருமா? மொபைலில் தேடினேன். கையைப் போலக் கண்ணிலும் ஒன்றுக்குத்தான் பழக்கம் அதிகமாம். இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மறைக்க வேண்டும். எதை மறைத்தால் பார்த்தது காணாமல் போகிறதோ, அதுதான் நம்மை நடத்தும் கண். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒருவரையும் நான் விடவில்லை. பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார். வலது. எதிர்வீட்டு டீச்சரும் வலது. நான் இடது. வீட்டுக்காரர் மட்டும் "வேற சோலி இல்ல" என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

செண்பகத்தோப்புக் காட்டில் வைத்துச் சிக்கினார். மலை அணிலைப் படம் எடுக்கப் போயிருந்தோம். கூடுதான் இருந்தது, அணிலைக் காணோம். காத்திருந்து சலித்து அவரே கையை நீட்டிக் கூட்டைப் பார்த்தார். நான் அவருடைய இடது கண்ணைப் பொத்தினேன்.

"கூட்டக் காணோம்."

மறுபடியும் பொத்தினேன். மறுபடியும் காணோம். "நீங்களும் நம்ம கட்சிதான்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கிப் பயிற்சியில் இடது கண்ணை மூடச் சொன்னால் அது துடித்துத் துடித்துத் திறந்துகொள்ளுமாம். குண்டு எங்கோ போகும். வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறான் என்று அவரைச் சாமான் கணக்குப் பார்க்கும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவருடைய அண்ணனும் பட்டாளத்துக்காரர்தான். தீபாவளிக்குத் தீபாவளி, "சரம் போடுறோம், நீ தள்ளி நில்லுலே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார்.

"அப்ப நான் பயப்படலையாட்டி?" என்று கேட்டார். "நானும் பயம்னுல நெனச்சிட்டிருந்தேன்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அணிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விட்டார். அண்ணன் "வாலே, காப்பி குடி" என்றார். இவர் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கைகளை நீட்டி, ஓட்டை வழியே எதிர்வீட்டு மாடித் தண்ணீர் டேங்கைப் பார்த்தார்.

"அண்ணே, என் இடது கண்ணப் பொத்து."

அண்ணன் ஒன்றும் புரியாமல் வந்து பொத்தினார். "என்னலே தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலண்ணே" என்றார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை.