ரத்தத்தில் ஏறிய அமோனியா

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வண்டிகளுக்கான பற்சக்கரங்களை உலையில் அடுக்கி அமோனியா வாயுவைச் செலுத்துவார்கள். சூட்டில் அமோனியா உடைந்து, அதிலுள்ள நைட்ரஜன் இரும்பின் மேற்பரப்புக்குள் இறங்கும், இரும்பு இறுகிவிடும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சோதிப்பது என் வேலை. என் கணவரின் ஈரல் கெடும்வரை அமோனியாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில், பாகங்களைப் பூட்டும் லைனில் நின்றார். இரண்டு பேருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். குன்றத்தூரில் வாடகைக்கு இருந்தோம். குடிப்பழக்கம் கிடையாது. எப்போதோ தொற்றிய காமாலைக் கிருமி சத்தமில்லாமல் ஈரலைச் சுருக்கிவிட்டது.

"சாப்பாட்டுல இருக்கிற புரதத்துல இருந்து குடல்ல அமோனியா உண்டாகும்மா" என்றார் டாக்டர். "ஈரல் அதை யூரியாவா மாத்தி ஒண்ணுக்குல அனுப்பிடும். இவரு ஈரலுக்கு இப்ப அந்தத் தெம்பு இல்ல. அமோனியா நேரா மூளைக்குப் போயிடும்."

இனிப்பான திரவ மருந்து ஒன்று கொடுத்தார். வயிற்றைப் போகவைத்து அமோனியாவையும் வெளியேற்றும். லீவு நாளில் குடிப்பார். வேலை நாளில் தொடமாட்டார்.

"ஏங்க, குடிச்சிட்டுப் போங்க."

"குடிச்சா நாலு தடவ போகணும் புள்ள. லைன விட்டு எவன் விடுவான்? போன வாரம் கேட்டதுக்கே, குழந்தைக்குத் துணி கட்டுற மாதிரி கட்டிக்கிட்டு வாடாங்கான் சூப்பர்வைசர்."

வேலையை விடுங்கள் என்று சொல்ல வழியில்லை. கம்பெனி இன்சூரன்ஸில்தான் வைத்தியம் நடந்தது.

ஒரு மதியம் அந்த சூப்பர்வைசர் என்னை போனில் கூப்பிட்டார். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு போல்ட்ட கையில வெச்சிகினு அப்டியே நிக்கிறாரு. எங்க போடணும்னே தெரியல. சரக்கு போட்டுட்டு வந்துட்டாரா?"

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "அக்கா, ஒரகடம் பஸ் எங்க நிக்கும்? எம் பொண்டாட்டி அங்க இருக்கா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க" என்றேன். மரியாதையாகக் கையை விலக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை இரண்டு கைகளையும் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். கைகள் துவண்டு துவண்டு விழுந்தன. குடலைக் கழுவி மருந்து ஏற்றியதும் தெளிந்தார். என்னைத் தெரிந்தது. முதலில் கேட்டது, "லைன்ல எனக்குப் பதிலா யாரு நிக்கா?"

வேறு ஈரல் வைப்பதுதான் வழி என்றார்கள். என் ஈரலில் ஒரு பங்கைத் தரலாமென்றால் ரத்த வகை சேரவில்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவர் மறுபடி வேலைக்குப் போனார். மறுபடி மருந்தை விட்டார். இரண்டாம் முறை நினைவு தப்பியபோது திரும்பவேயில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ஊரிலிருந்து வந்த அவர் அண்ணன் கூப்பிட்டார். கண் திறக்காமலே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் கம்பெனியிலிருந்து அடையாள அட்டையையும் யூனிஃபார்மையும் கேட்டார்கள். துவைத்துத் தேய்த்து எடுத்துப் போனேன். கேட்டில் இருந்தவர் வாங்கிக்கொண்டு, வண்டி வருகிறது, ஓரமாய் நில்லுங்கள் என்றார். நின்றேன்.