கேதீஸ்வரியின் பெயரில் வந்த பாசல்கள்

11.02.2025 — ரூ. 2,340
19.02.2025 — ரூ. 890
04.03.2025 — ரூ. 5,175
04.03.2025 — ரூ. 1,260
03.06.2025 — ரூ. 14,600

பாசலைக் கையில் வாங்கியதும் கேதீஸ்வரி அதைக் காதோடு வைத்து இரண்டு தரம் குலுக்குவார். யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கலகலவென்றால் சுதாகரன் வீட்டுத் திருகாணிகள். சத்தமே இல்லையென்றால் உடுப்பு. ஒட்டியிருக்கும் நாடாவை நகத்தால்தான் கிளப்புவார். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் வேறெதையும் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

நெல்லியடியில் எங்கள் ஒழுங்கைக்குப் பதினொரு வீடுகள். சீனாவின் இணையக் கடைகளில் வாங்கத் தோதான வங்கி அட்டை அவரிடம் மட்டுமே உண்டு. பள்ளிச் சீருடை தைப்பவர். நூலும் பொத்தானும் எடுப்பிக்க வாங்கிய அட்டை. "அக்கா, எனக்கும் உதிலை ஒண்டு எடுத்துத் தாங்கோவன்" என்று போனை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் அவர் பெயரிலேயே வந்தன. அதற்காக ஒரு சதம்கூட அவர் மேலதிகமாக வாங்கியதில்லை.

காலையில் அளவெடுக்கச் சைக்கிளில் போய்விடுவார். கூரியர்க்காரர் பாசலை முன்வீட்டில், என்னிடம் தருவார். நான் உப தபாலதிபராக இருந்தவன். திகதி, தொகை, பொருள், யாருக்கு என்று கொப்பியில் பதிந்த பின்பே கைமாற்றுவேன். "உந்தக் கொப்பியாலை ஒருநாள் எனக்கு வில்லங்கம் வரும், ஐயா" என்று சிரிப்பார்.

வில்லங்கம் கொப்பியால் வரவில்லை. 12.01.2026 அன்று வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு மாதங்களில் 131 பாசல்கள். வியாபாரம் என்றே தெரிகிறது. முப்பது நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் வரியும் தண்டமும். உத்தேசமாகப் போட்டிருந்த தொகை, அவர் ஒரு வருடம் முழுக்கத் தைத்தாலும் சேராதது.

அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவருடைய தையல் இயந்திரம் நின்றுவிடும். அந்தச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிய பின்பே மறுபடி ஓடும். ஒரு பிள்ளையின் சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அவரோடு நானும் வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோபிக்கவில்லை. சொந்தப் பாவனைக்கு என்று சின்னச் சின்னப் பாசலாக எடுப்பித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஒன்றொன்றாகப் பார்த்தால் அற்பம். நாடு முழுக்கக் கூட்டினால் அரசுக்கு வரவேண்டிய பெரிய வருமானம் என்றார். அதனால்தான் ஒரே பெயரில் அதிகம் வருவதைத் தேடுகிறார்களாம். பாசல்களின் பட்டியலைத் தரும்படியும், ஒவ்வொன்றுக்கும் எதிரே உரியவர் கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது கேதீஸ்வரி சொன்னார்: "அவர் சொல்லுறது சரிதானே, ஐயா. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

பட்டியலோடு வீடு வீடாகப் போனார். முன்பு போனோடு வந்தவர்கள் இப்போது வாசற்படலைக்கு வரவே தயங்கினார்கள். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பொன்னம்பலம், "நான் ஒவ்வொரு துணிக்கும் வற் வரி கட்டி விக்கிறன். நீ சீனாக்காரனுக்கு ஒழுங்கைக்குள்ளை கடை திறந்து குடுத்திட்டாய், பிள்ளை" என்றார். அவருடைய வீட்டுக்கே ஆறு பாசல்கள் வந்திருப்பதை நான் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு கையொப்பமிட்டார். தங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னவர் சுதாகரன்தான். பட்டியலில் அவருக்குரிய மூன்று வரிகளும் வெறுமையாக நின்றன.

118 கையொப்பங்கள் சேர்ந்தன. கேதீஸ்வரியின் சொந்தப் பாசல்கள் ஒன்பது. சுதாகரனுடைய மூன்றும் போக மீதி ஒன்று.

அது மேலே நான் எடுத்தெழுதிய ஐந்தில் கடைசித் தொகை. பொருள் என்னவென்று இங்கே எழுதினால் ஆளைத் தெரிந்துவிடும். நோயை ஒளித்து வாழ்கிற ஒருவருக்காக வந்தது என்பதோடு விடுகிறேன். பட்டியலில் அந்த இடத்தை நிரப்பக் கொப்பியைத் திறந்ததும் கேதீஸ்வரி அங்கிருந்த பெயரின்மேல் உள்ளங்கையை வைத்தார். "இதை என்ரை எண்டு போடுங்கோ."

கொப்பியில் கை வைக்க மாட்டேன் என்றேன். கொப்பி கிடக்கட்டும், பட்டியலைத்தான் சொல்கிறேன் என்றார். அது மற்றவற்றைவிட விலை கூடியது, எதற்கு வாங்கினாய் என்று நிச்சயம் கேட்பார்கள் என்று எச்சரித்தேன்.

"எனக்குத்தான் அந்த வருத்தம் எண்டு சொல்லுறன்."

பேனையை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியைத் தானே எழுதினார். எழுத்து மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்தது. 02.02.2026 அன்று பட்டியலைப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். அதன் பிறகு சாப்பாட்டை மறந்தார். அளவெடுக்கப் போகும்போது கைபேசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். நாளுக்கு இரண்டு தரம் என் வாசலுக்கு வந்து, "ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டார். ஐந்து வாரங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

தபால்காரர் வந்தபோது அவர் அளவுநாடாவோடு ஓடிவந்தார். கடித உறையில் வரி அலுவலக முத்திரை இருந்தது. கையொப்பமிட்டு வாங்கினார். உடைக்கவில்லை. காதோடு வைத்து இரண்டு தரம் குலுக்கினார். பிறகு அதை என் கொப்பியின்மேல் வைத்து, "முதல் பதியுங்கோ, ஐயா" என்றார்.

10.03.2026.